கல்லீரலுக்குள் தூசி

சாயம் பிடித்திருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் ஸ்லைடை எடுத்துத் துடைத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன்.

என் உதவியாளன் டாக்டர் மஹ்ரூஸ் பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்ன இருக்கு, டாக்டரம்மா? கல்லீரல் புற்று. ஸ்கேன்லயே எழுதியிருக்கு. ஆளுக்கு சி வைரஸ் வேற இருந்திருக்கு."

"கல்லீரல் செல்லைக் காட்டற சாயம் எங்க பிடிச்சிருக்கு, காட்டு."

அவன் குனிந்து பார்த்தான். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"பிடிக்கல."

"சவ்வுச் செல்லைக் காட்டற சாயம்?"

"பிடிச்சிருக்கு. எல்லாமே." மறுபடி குனிந்து பார்த்தான். "ஆனா மீசோதெலியோமா உறையிலதானே வரும்? நுரையீரல் மேல, வயித்துச் சவ்வு மேல. இது நட்ட நடுக் கல்லீரல். வெளிச்சுவர்ல வர்ற பாசி, வீட்டுக்குள்ள பானையில எப்படி வரும்?"

"வந்திருக்கே."

"சதை எடுத்த ஊசி இடம் மாறிப் போயிருக்கும்."

"ஊசி மாறல. நமக்குத்தான் பழக்கம் மாறல."

பழக்கம் என்று நான் சொன்னது இதைத்தான். எகிப்தில் கல்லீரலில் கட்டி என்றால் யாரும் யோசிப்பதில்லை. கால்வாய்த் தண்ணீரிலிருந்து உடம்புக்குள் போகும் புழுவுக்காக எங்கள் அப்பாக்களுக்கு ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதில் கல்லீரலைத் தாக்கும் சி வைரஸ் பரவியது. அதிலிருந்து கல்லீரல் சுருங்கியது. அதில் கட்டி வந்தது. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கும். மீசோதெலியோமா ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் நோய். கல்லீரலின் சதைக்குள் அது முளைப்பது மிக அபூர்வம். படித்திருந்தேன். பார்த்ததில்லை. தூசி எந்த வழியாக அங்கே போகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ரத்தத்தில் கல்லீரல் புற்றின் அடையாளம் இல்லாததால், மாற்று அறுவைக்கு முன் சதைத்துண்டு எடுத்து அனுப்பியிருந்தார் சர்ஜன். மகன் பாதிக் கல்லீரல் தருகிறான் என்று குறிப்பில் இருந்தது. நோயாளியின் பெயரை அப்போதுதான் பார்த்தேன்.

ஷவ்கி அப்தல்பாரி. டாக்டர், ஓய்வு.

மஹ்ரூஸ் கேட்டான். "தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவர்."

கெய்ரோவுக்கு வடக்கே கால்வாய்க்கரையில் ஓர் ஆலை இருந்தது. சிமெண்ட்டும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்து குழாய் வார்த்தார்கள். என் அப்பா ஷஹ்தா அங்கே மூட்டை பிரிப்பவர். கத்தியால் சாக்கைக் கீறி, வெள்ளை நாரை உதறிக் கொட்ட வேண்டும். வெள்ளையாகவே வீட்டுக்கு வருவார். அம்மா சட்டையை மொட்டை மாடியில் உதறித் துவைப்பாள். நான் பக்கத்தில் நின்று அது பறப்பதைப் பார்ப்பேன்.

அப்பாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியபோது ஆலை டாக்டர் ஷவ்கிதான் பார்த்தார். ஷீஷா என்ற ஹூக்காப் புகை பிடிப்பதால் நெஞ்சு கெட்டுவிட்டது என்று எழுதினார். அப்பா ஷீஷாவைத் தொட்டதில்லை. அம்மா அதைச் சொன்னாள். டாக்டர் சிரித்தார். "எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எங்களில் இறந்தவரை வைத்திருக்க மாட்டோம். காலையில் இறந்தால் மதியத் தொழுகைக்குப் பின் மண். ஷவ்கிக்கு அது நன்றாகத் தெரியும். தொழிலாளி இறந்தான் என்று செய்தி வந்ததும் முதல் ஆளாக வந்துவிடுவார். இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணி, குளிப்பாட்டுகிறவர், வண்டி, எல்லாவற்றையும் கையோடு கொண்டுவருவார். தெருவே அவரை வாழ்த்தும். சதையை எடுத்துப் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெருவே அடித்திருக்கும். அடிக்கிற முதல் கை எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. தூசியால் இறந்தார்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். கம்பெனியின் சாட்சி ஷவ்கி. வழக்கு கீழிருந்து மேலே போனது, மேலிருந்து கீழே வந்தது, இன்னும் முடியவில்லை. அவர் சொன்னது மாறவில்லை. "இந்த ஆலையில் தூசிக் கட்டி ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. இருந்தால் சதையைக் காட்டுங்கள்."

சதை மண்ணில் இருந்தது.

நான் இந்தப் படிப்பைப் படித்தது அந்த வாக்கியத்துக்காக.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"வைரஸ்னு எழுதிடு."

"அம்மா."

"என்ன அம்மா? வைரஸ்னு எழுது. வயித்தைக் கிழிக்கட்டும். தப்பான மருந்து குடுக்கட்டும். நான் கஃபன் துணி எடுத்துட்டுப் போறேன். முதல் ஆளா போய் வாசல்ல நிப்பேன்."

"என் கையெழுத்தும்மா அது."

"உங்கப்பாவுக்கு அவன் போட்டானே, அதுவும் கையெழுத்துதான்."

"அவன் செத்துட்டா எதுவும் சொல்ல மாட்டான். எனக்கு அவன் வாய் வேணும்."

"வாயை வெச்சு என்ன பண்ணுவே? ஊறுகாய் போடுவியா?"

அவள் பானையில் இலைச் சுருள்களை நெருக்கி அடுக்கினாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்தினாள்.

"உனக்கு உங்கப்பா மாதிரியே இளகின மனசு," என்றாள். பாராட்டு இல்லை அது.

இளகின மனசு எனக்கு இல்லை. அவளுக்கு அது புரியவில்லை. சாவு அவருக்குச் சுலபம். சி வைரஸ் வந்து செத்த நல்ல டாக்டர் என்று தெருவில் பந்தல் போடுவார்கள். துக்க வீட்டில் தருகிற சர்க்கரை இல்லாத காபி குடித்துவிட்டுப் போவார்கள். அதை அவருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மறுவாரம் ரிப்போர்ட் வாங்க அவரே வந்தார். சாம்பல் நிறக் கோட்டு. மெலிந்திருந்தார், ஆனால் குரல் அதேதான்.

"நீதான் டாக்டரம்மாவா? சின்னப் பொண்ணா இருக்கியே, மகளே. எந்தப் பக்கம் நீ?"

"கால்வாய்க்கரை."

"அட, நம்ம ஊரு. என் வேலைக்காலம் முழுக்க அங்கதான். நல்ல ஜனங்க."

"ஆமா. நிறைய பேர் செத்துட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி படித்தார்.

"இது சவ்வுல வர்றதாச்சே."

"உங்களுக்குத் தெரியுமா, டாக்டர்? பார்த்ததே இல்லைன்னு கோர்ட்ல சொன்னீங்க."

வெளியே மைக்ரோபஸ்காரன் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் காகிதத்தை மடித்தார்.

"யார் பொண்ணு நீ?"

"மூட்டை பிரிச்சவரோட பொண்ணு."

எந்த மூட்டை பிரித்தவர் என்று அவர் கேட்கவில்லை.

"இதப் பாரு, மகளே. எனக்கு சி வைரஸ் இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக் குணமாச்சு. ஊருக்கே தெரியும். கல்லீரல் புற்றுன்னு நீ எழுதினா யாருக்கு நஷ்டம்?"

"உங்களுக்கு. மாற்றுக் கல்லீரல் வெச்சா, உடம்பு அதை ஏத்துக்க மருந்து குடுப்பாங்க. அந்த மருந்துல இந்தக் கட்டி தறிகெட்டு ஓடும். இதுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தாப் போதும். உங்க பையனை வெட்டவே வேண்டாம். பிழைக்க வழி இருக்கு."

"பிழைச்சு?"

"பிழைச்சு, சொல்லுங்க."

அவர் எழுந்துகொண்டார். ஸ்லைடுகளைக் கேட்டார். எங்கள் ஊரில் நோயாளியின் காகிதமும் ஸ்லைடும் நோயாளியின் கையில்தான் இருக்கும். கொடுத்தேன். மெழுகுக்குள் புதைத்த சதைத்துண்டு என்னிடம் இருந்தது.

"வேற லேப்ல காட்டிக்கறேன்," என்றார்.

"காட்டுங்க. நீங்க என்ன கதை சொல்லிக் குடுக்கறீங்களோ, அதைத்தான் அவங்க பார்ப்பாங்க. உங்களுக்கு அது தெரியாததா?"

கதவை அவர் மெதுவாகவே சாத்தினார்.

சர்ஜனுக்கு நான் போன் செய்யவில்லை. செய்திருக்கலாம். ஷவ்கி எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

தெரிந்துகொள்ள நாளாகவில்லை. ஒரு காலையில் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அங்கே இருப்பவள் ஸாமியா. அவள் லேசில் சிரிக்கிறவள் இல்லை. ரத்தம் கொடுக்க வந்த ஒருவன் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு குப்பியா? தங்கச்சி, கல்லீரல்தான் தர்றதாப் பேச்சு. ரத்தம் தனிக் கணக்கா?"

"கையை நீட்டுங்க, அண்ணே. ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான். கல்லீரலைக் குடுப்பாங்க, ஊசிக்கு அழுவாங்க."

"எங்கப்பாவுக்குத்தான் குடுக்கறேன். அவரு ஒரு நாள்கூட எனக்குக் கார்ச்சாவி குடுத்ததில்ல. நான் கல்லீரல் குடுக்கறேன். எழுதி வெச்சுக்க."

"எப்ப ஆபரேஷன்?"

"வர்ற வியாழன். ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து மேசையில போட்டு அறுக்கறாங்க. பக்ரீத் மாதிரி."

பதிவேட்டில் பெயரைப் பார்த்தேன். ஹாஸிம் ஷவ்கி அப்தல்பாரி. பள்ளிக்கூட ஆசிரியர். அவனை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

மெழுகிலிருந்து புதிதாகச் சீவிச் சாயமேற்றிய ஸ்லைடைக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கத் தேவையுமில்லை. வாயால் சொன்னேன். உங்கள் அப்பாவுக்கு இருப்பது கல்லீரல் புற்று அல்ல. தூசியால் வருவது. உங்கள் கல்லீரல் அவருக்குத் தேவையில்லை. கொடுத்தால் அவர் சீக்கிரம் சாவார்.

"கல்லீரல் புற்றுன்னு ரிப்போர்ட் இருக்கே. நான் படிச்சேன்."

"அது ரெண்டாவது லேப்."

"மொதல் லேப்?"

"இது."

அவன் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு போயிற்று.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில உக்காந்துதான் படிச்சார்."

"தெரிஞ்சும் என்னை அறுக்கச் சம்மதிச்சாரா?"

அவன் பஞ்சு ஒட்டிய முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஆலைக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக் குவியல் இருக்கும்," என்றான். "தொழிலாளிங்க பசங்க எல்லாம் அதுல சறுக்கி விளையாடுவாங்க. நான் ஒரு தடவை போனேன்னு அப்பா பெல்ட்டால அடிச்சார். அவர் என்னை அடிச்சது அது ஒண்ணுதான். அந்தப் பசங்களோட சேரக் கூடாதுன்னு அடிக்கிறார்னு நினைச்சேன்."

"இப்ப?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு." முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தான். "அதுக்கப்புறமும் போனேன். அவர் தூங்கும்போது."

எழுந்து கதவு வரை போய்த் திரும்பினான்.

"எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? என்னைக் காப்பாத்தவா?"

"இல்ல."

"அப்புறம்?"

"உங்கப்பா உயிரோட இருக்கணும். இருந்து பேசணும்."

"நீங்க நல்லவங்க இல்ல போலிருக்கு, டாக்டரம்மா."

"இல்ல."

அவன் தலையை அசைத்தான். கோபம் இல்லை. நேராகச் சர்ஜனிடம் போனான் என்று பிறகு தெரிந்தது. சர்ஜன் எனக்குப் போன் செய்து கத்தினார். சதையைத் தானே வந்து பார்த்தார். மாற்று அறுவை நின்றது. கட்டி இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி எடுப்பதாக முடிவாயிற்று.

ஷவ்கி மறுபடி வந்தபோது கோட்டு இல்லை. வீட்டில் உடுத்தும் நீள அங்கி, கலாபியா, அணிந்திருந்தார். மகளே என்று கூப்பிடவில்லை.

"டாக்டரம்மா, என் பையன் வீட்டைவிட்டுப் போயிட்டான்."

"உக்காருங்க."

உட்காரவில்லை. "கோர்ட்ல உண்மையைச் சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவானாம். இல்லைன்னா கூலிக்கு ஆள் வெச்சுக்கோன்னு சொல்றான். என் மேசை மேல வீட்டுச் சாவியை வெச்சுட்டுப் போயிட்டான்."

"உங்க பையன் கெட்டிக்காரன்."

"அவன் அந்தக் குவியலுக்குப் போயிருக்கான். இப்பத்தான் சொல்றான். பல தடவை." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கும் வருமா?"

சின்ன வயதில் சில மாதம் விளையாடிய ஒருவனுக்கு வரும் வாய்ப்பு குறைவு. மிகக் குறைவு. அது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு தூங்கியிருப்பார்.

"வரும்னு சொல்ல முடியாது," என்றேன். "வராதுன்னும் சொல்ல முடியாது."

"அவனுக்குக் குழந்தை இருக்கு."

"நானும் அந்த மாடியில நின்னவதான். எங்கம்மா அந்தச் சட்டையைத் துவைச்சவ. எங்களுக்கும் இதே பதில்தான்."

அப்போதுதான் உட்கார்ந்தார். மஹ்ரூஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"நான் சொன்னா என்னை என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வயசானவர், நோயாளி. பாவம்னு சொல்லுவாங்க. சில பேர் உங்களுக்காகத் தொழுவாங்க. அதுதான் எனக்குப் பிடிக்கல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவும்?"

"இதைவிட மோசமானது என் கையில இல்ல."

விசாரணை ஞாயிற்றுக்கிழமை; எங்களுக்கு விடுமுறை வெள்ளிதான். நீதிமன்ற அறையில் மின்விசிறிகள் ஓடவில்லை. பெண்கள் இடப்பக்கப் பெஞ்சுகளில் கறுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் நானும் முன் பெஞ்சில். ஹாஸிம் கடைசியில், சுவரோடு சாய்ந்து நின்றான்.

ஷவ்கியை அழைத்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்தார். டாக்டருக்கு உடல்நிலை சரியில்லை, பழைய வாக்குமூலமே போதும் என்றார். ஷவ்கி கையை உயர்த்தினார்.

"நான் பேசறேன், ஐயா."

நீதிபதி தலையசைத்தார். ஷவ்கி சத்தியம் செய்தார்.

"என் கல்லீரல்ல ஒரு கட்டி இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்ற கட்டி. சதை வேணும்னு இத்தனை வருஷம் கேட்டேன். சதை முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற டாக்டர் ராவியாகிட்ட இருக்கு. என்னுடையது."

வக்கீல் மறுபடி எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி இந்த ஆலையில் இப்படிக் கட்டி யாருக்காவது பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கேன்."

"எத்தனை பேருக்கு?"

"பேரைச் சொல்றேன், ஐயா. ஞாபகம் இருக்கிற வரைக்கும்."

சொல்லத் தொடங்கினார். கலவை போடும் கிர்கிஸ். குழாய் அறுக்கும் அப்துஸ்ஸத்தார். அவர் தம்பி. காவல்காரர் பயூமி. ஒவ்வொரு பெயருக்கும் பெஞ்சில் ஓரிடம் அசைந்தது. யாரோ விம்மினார்கள். கிர்கிஸின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, "அல்லா உங்களுக்குக் குணம் தரட்டும், டாக்டர்," என்றாள். நான் எதிர்பார்த்ததுதான்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடி ஒவ்வொரு பெயருக்கும் இறுகியது.

அவர் நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார். யோசித்தார்.

"அவ்வளவுதான், ஐயா."

அப்பாவின் பெயர் வரவில்லை. மறைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறைக்க இனி அவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அப்பாவைத் தெரியவில்லை. என் படிப்பு முழுவதையும் எவருக்கு எதிராகப் படித்தேனோ, அவருக்கு.

நான் எழ முயன்றேன். அதற்குள் அம்மா எழுந்தாள்.

"ஷஹ்தா," என்றாள்.

நீதிபதி நிமிர்ந்தார். "ஹாஜியம்மா, உட்காருங்க."

"உக்கார மாட்டேன். ஷஹ்தா இப்ராஹீம் விட்டுப்போச்சு."

ஷவ்கி திரும்பிப் பார்த்தார். "எந்த ஷஹ்தா?"

"மூட்டை பிரிச்சவரு. நீ கொண்டாந்த கஃபன் குட்டையா இருந்துச்சு. பாதம் வெளியே நீட்டிட்டிருந்துச்சு. என் முக்காட்டைக் கிழிச்சு மூடினேன். நீ பக்கத்துல நின்னு, உங்க வீட்டுக்காரர் நல்ல உயரம்னு சொன்னே."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார்.

"ஞாபகம் இல்ல, அம்மா."

"உன் ஞாபகம் யாருக்கு வேணும்? சொல்லு."

காவலர் ஒருவர் எங்கள் பெஞ்சை நோக்கி வந்தார். நீதிபதி விரலை அசைத்து அவரை நிறுத்தினார். குமாஸ்தாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"ஷஹ்தா இப்ராஹீம்," என்றார் ஷவ்கி.

"என்ன வந்து செத்தாரு?"

"தூசி."

"முழுசா."

"ஆலைத் தூசி. நெஞ்சு உறையில கட்டி."

"ஷீஷாவா?"

"இல்ல."

குமாஸ்தா எழுதினார். எழுதும் சத்தம் முன் பெஞ்சு வரை கேட்டது. கம்பெனி வக்கீல் தன் காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டினார். அம்மா உட்காரவில்லை.

"அங்க நீதிபதியைப் பார்த்துச் சொன்னே," என்றாள். "இப்ப இந்தப் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்துச் சொல்லு. கிர்கிஸ்லேர்ந்து. எல்லாரையும்."

அவர் நீதிபதியைப் பார்த்தார். கடைசியில் நின்ற மகனைப் பார்த்தார். ஹாஸிம் சுவரைவிட்டு நகரவில்லை.

ஷவ்கி சாட்சிக் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.